பழைய ஜீப்புக்கு டர்போ: ஓர் எண்ணெய்க் குழாயில் தொலைத்த பதினேழு நாட்கள்

சென்ற மாதம் 22ஆம் தேதி, 14 மூட்டை கேரட்டை ஏற்றிக்கொண்டு என் கமாண்டர் ஜீப், தோட்டத்தின் அடிமடையிலிருந்து தார்ச்சாலை வரையிலான 1.1 கிலோமீட்டர் ஏற்றத்தை 3 நிமிடம் 25 விநாடியில், இரண்டாவது கியரை விட்டு இறங்காமல் ஏறி முடித்தது. எட்டு மாதங்களுக்கு முன் இதே பாதையில், இதே சுமையோடு, இரண்டு கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல் கியருக்கு இறங்கி, பின்னால் வருபவர் முகம் தெரியாத அளவுக்குக் கரும்புகை விட்டு ஏறியபோது ஆன நேரம் 4 நிமிடம் 40 விநாடி. இந்த 75 விநாடி எப்படிக் கிடைத்தது, அதற்குள் எத்தனை முறை தவறான திசையில் போனேன் என்பதை, நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்த அளவுகளைக் கொண்டு வரிசையாகப் பதிகிறேன்.

தோட்டம் கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறைப் பக்கம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத டீசல் இன்ஜின் எதுவானாலும் மூச்சுத் திணறியே ஓடும். ஜீப் 1998ஆம் ஆண்டு வந்தது. அதில் இருப்பது மஹிந்திராவின் 2523 சி.சி. இன்ஜின், டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டி.ஐ. வகை; போர் (சிலிண்டரின் விட்டம்) 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 101.6 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலத்துக்கு நான்கு அங்குலம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் வழியில் வந்த இன்ஜின் என்பதால் இரும்பில் சிக்கனம் பார்க்காமல் வார்த்திருக்கிறார்கள். இதே 2523 சி.சி. இன்ஜினைப் பின்னாளில் கம்பெனியே டர்போ வைத்து, 63 குதிரைத்திறனுடன் பொலேரோவில் விற்றது. ஆகவே நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே இருந்ததை இங்கே கொண்டுவர முயன்றேன், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. என் ஜீப்பின் பதிவு காலாவதியாகி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அது தோட்டத்துக்குள் மட்டும் ஓடுகிறது. தார்ச்சாலை விளிம்பில் மூட்டைகள் இறங்கி வேறு வண்டிக்கு மாறிவிடும். சாலையில் ஓட்டும் வண்டியில் இதைச் செய்ய நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இன்ஜினின் உடல்நிலையைப் பார்ப்பதில் வேலை தொடங்கியது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை இறுக்கும் அழுத்தம்) பார்த்ததில் 24, 24.5, 24, 21 பார் என்று வந்தது. நான்காவது சிலிண்டரில் இன்ஜெக்டர் துளை வழியாகச் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தபோதும் அளவு ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும். எனவே ரிங் அல்ல, வால்வுதான் என்று முடிவு செய்து ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையில் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது. லேப்பிங் செய்து (வால்வை இருக்கையோடு தேய்த்துப் படியவைத்து), புதிய ஹெட் பேக்கிங் போட்டு முறுக்கியபின் நான்காவது 23.5 வரை வந்தது. இந்த வேலைக்கு மட்டும் 6,500 ரூபாய். அழுத்தம் இல்லாத சிலிண்டரில் டர்போ வைத்து என்ன பயன் என்று அன்று சரியாகவே யோசித்தேன். அடுத்த கட்டத்தில் அந்த யோசனை என்னை விட்டுப் போய்விட்டது.

சைலன்சரைப் பெரிதாக்கினாலே வண்டி பறக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி, எந்த டர்போ என்று முடிவெடுப்பதற்கு முன்பே, பழைய ஒன்றேமுக்கால் அங்குலக் குழாயை, வெர்னியரில் அளந்தால் வெளிவிட்டம் 44 மி.மீ., கழற்றி எறிந்துவிட்டு 2 அங்குலக் குழாயை முழுநீளத்துக்கும் போட்டேன். செலவு 4,200 ரூபாய். மூன்று முறை ஏறிப் பார்த்த சராசரி 4 நிமிடம் 34 விநாடி. ஒரே நாளில் ஓட்டத்துக்கு ஓட்டம் ஐந்து விநாடி வித்தியாசம் வருவது வழக்கம் என்பதால், இந்த ஆறு விநாடியை லாபம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சத்தம் மட்டும் கணிசமாகக் கூடியது. இன்ஜினுக்குள் போகும் காற்றே குறைவாக இருக்கும்போது, வெளியே போகும் வாசலை அகலமாக்கி ஆவதற்கு ஒன்றுமில்லை.

அதன் பிறகே டர்போ தேடினேன். கோவை உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடை ஒன்றில், 1.3 லிட்டர் டீசல் கார் ஒன்றின் சிறிய டர்போ 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. கையில் அடங்கும் அளவு, தண்டில் ஆட்டமில்லை, விலையும் மலிவு, மயங்கிவிட்டேன். அதைப் பொருத்த, என் பழைய மேனிஃபோல்டின் (நான்கு சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் குழாயின்) வாயை அறுத்து அதில் டர்போவின் பிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பை) வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. நிக்கல் ராடு கொண்டு பற்றவைத்தவர் திறமையானவர்தான். ஆனால் முழு மேனிஃபோல்டையும் முன்கூட்டிச் சூடேற்றி, முடிந்ததும் சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும் என்பதை அவரும் வலியுறுத்தவில்லை, எனக்கும் தெரியவில்லை. பற்று அழகாக விழுந்தது. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது பட்டறையிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பற்றை ஒட்டி, பற்றில் அல்லாமல் வார்ப்பிலேயே, நான்கு அங்குல நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. வெல்டிங் கூலி 1,200 ரூபாய். மேனிஃபோல்டு எடைக்குப் போயிற்று.

இரண்டாவது முறை, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பொலேரோ டி.ஐ. டர்போ இன்ஜின் ஒன்றிலிருந்து கழற்றிய மேனிஃபோல்டும் டர்போவும் சேர்த்து 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். மேனிஃபோல்டின் துளைகள் என் ஹெட்டின் ஸ்டட்டுகளில் உறுத்தாமல் உட்கார்ந்தன. முகத்தில் நேர்க்கோலை வைத்துப் பார்த்ததில் நடுவில் 0.3 மி.மீ. வளைவு இருந்ததால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்தோம். டர்போவின் தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எண்ணெய் நிறைந்ததும் அந்த ஆட்டம் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது முன்பின் ஆட்டம். டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.14 மி.மீ. காட்டியது, 0.10க்கு மேல் போனால் நம்பக் கூடாது என்று டர்போ சர்வீஸ் செய்பவர் சொன்னார். எனவே 5,800 ரூபாய் கொடுத்து, சமன் பார்த்த புதிய நடுப்பகுதியை (தண்டும் சக்கரங்களும் இருக்கும் பகுதியை) போட்டேன்.

மேனிஃபோல்டு இன்ஜினோடு சேர்ந்திருக்கும்போதே, டர்போவுக்கு முன்னால் வெப்பமானிக்கான துளையைப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. நல்லவேளையாக அப்படிச் செய்யாமல் கழற்றியே போட்டேன். வார்ப்பிரும்பைத் துளையிடும்போது வந்த பொடியைக் காந்தம் கொண்டு துடைத்து எடுத்தால் ஒரு கரண்டி அளவு தேறியது. அந்தப் பொடி டர்போவில் புகையால் சுழலும் டர்பைன் சக்கரத்துக்குள் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பொருத்தும்போது ஒரு சிக்கல் எழுந்தது. டர்போவின் காற்று வெளியேறும் வாய் என் ஜீப்பில் நேராக பாடியின் தகட்டை முட்டியது. டர்போவின் இரண்டு ஓடுகளையும் நடுப்பகுதியையும் பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, வாயை வேண்டிய திசைக்குத் திருப்பிக்கொள்ள முடியும். திருப்பினேன். ஆனால் காற்றுப்பக்க ஓடு ஒன்றை மட்டும் திருப்பாமல், கைக்கு எளிதாக வந்த நடுப்பகுதியையும் சேர்த்தே திருப்பிவிட்டேன். அதனால் அடியில் செங்குத்தாக இருக்க வேண்டிய எண்ணெய் இறங்கும் வாய் பக்கவாட்டில் ஏறத்தாழ 40 டிகிரி சாய்ந்தது. அன்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

டர்போவுக்கு எண்ணெய் போவது எளிய வேலை. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு ‘டி’ இணைப்புப் போட்டு, அங்கிருந்து கம்பிவலை போர்த்திய ஹோஸ் வழியாக எடுத்துக்கொண்டேன். இரு முனையிலும் புதிய செம்பு வாஷர். எண்ணெய் திரும்பி இறங்கும் குழாயில்தான் சோம்பேறித்தனம் காட்டினேன். சம்ப்பை (இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை) கழற்றி அதன் பக்கத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதற்குப் பதிலாக, எண்ணெய் வடிக்கும் அடித்திருகின் இடத்தில் ஓர் இணைப்பு வைத்து, 12 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸை அதில் சேர்த்துவிட்டேன். அந்த ஹோஸ் நடுவில் தொய்ந்து, தொட்டில் போலத் தொங்கியது.

இன்ஜினைக் கிளப்பியதும் டர்போ விசிலடித்தது. மகிழ்ச்சி பத்து நிமிடம் நீடித்தது. அதற்குள் ஐடிலில் நின்ற வண்டியின் பின்னால் நீலப்புகை எழும்பி, கொட்டகை முழுவதும் பரவியது. டர்போவின் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். நடுப்பகுதியைக் கழற்றி அனுப்பினால், நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தது. நம்பாமல், இன்னொரு நடுப்பகுதிக்கு மேலும் 5,800 ரூபாய் கொடுத்தேன். அதே நீலப்புகை. இடையில் ரிங் மேல் சந்தேகம், வால்வு கைடு மேல் சந்தேகம், அண்மையில் பிரித்து மூடிய ஹெட்டின் மேல் சந்தேகம் என்று பதினேழு நாட்கள் போயின. ஒரு லிட்டர் எண்ணெய் மூன்று மணிநேர ஓட்டத்தில் காணாமல் போனது.

பெரியகுளத்தில் லாரி பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்ந்த மெக்கானிக் ஒருவர், எங்கள் ஊரில் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார். ‘தம்பி, அந்தக் கீழ்க்குழாயைக் கழட்டி டப்பாவுல விடுங்க’ என்றார். ‘எண்ணெய் பூரா வந்துருமேண்ணே’ என்றேன். ‘வரட்டும், மேல ஊத்திக்கிட்டே இருங்க.’ அப்படியே செய்தோம். அடித்திருகை மூடி, ஹோஸின் முனையை நான்கு லிட்டர் டப்பாவில் விட்டு, டப்பா நிறைய நிறைய மாற்றி, வந்த எண்ணெயை நான் மேலே மூடி வழியாக ஊற்ற, அவர் கீழே அடுத்த டப்பாவைப் பிடிக்க, கால் மணிநேரம் இந்தக் கூத்து நடந்தது. சைலன்சருக்குள் தேங்கியிருந்த பழைய எண்ணெய் எரிந்து தீரும் வரை புகை வந்தது; பிறகு மெல்ல மெலிந்து, கிட்டத்தட்ட நின்றே விட்டது. இரண்டு நடுப்பகுதிகளிலும் சீல் நன்றாகவே இருந்திருக்கிறது.

காரணம், அவர் விளக்கியபின் சிறுபிள்ளைக்கும் புரியும். டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது. ஆனால் வெளியே வருவது தன் எடையால் மட்டும்தான். அதுவும் நுரைத்துப்போய், மோர் போல வருகிறது. நான் அதை ஒரு குறுகிய, தொய்ந்த குழாய் வழியாக, சம்ப்பில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கும் கீழே கொண்டுபோய்ச் செருகியிருந்தேன். இறங்க வழியில்லாத எண்ணெய் டர்போவுக்குள்ளேயே நிறைந்து, சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்திருக்கிறது. டர்போவில் இருக்கும் சீல், நாம் நினைக்கும் ரப்பர் சீல் போன்றதல்ல. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு மெல்லிய வளையம். தேங்கி நிற்கும் எண்ணெயை அதனால் தடுத்து நிறுத்த முடியாது.

மறுநாள் சம்ப்பைக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு 40 மி.மீ. மேலே துளையிட்டு, 19 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்த் துண்டைப் பித்தளைப் பற்றுவைத்து, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்து ஒழுக்கு பார்த்து, காயவைத்துத் திரும்பப் போட்டேன். கூலி 800 ரூபாய், எனக்கு அரைநாள் வேலை. டர்போவின் நடுப்பகுதியையும் திருப்பி, இறங்கும் வாயைச் செங்குத்துக்குக் கொண்டுவந்தேன். டப்பா சோதனையிலும் மிச்சமிருந்த அந்த மெல்லிய புகை, இந்தச் சாய்வு சரியானபின் நின்றது. எண்ணெய்க் குழாய்கள் இரண்டுக்கும் சேர்த்து முன்பே 2,400 ரூபாய் ஆகியிருந்தது.

புகை நின்றபின் ஏறிப் பார்த்தால் 4 நிமிடம் 2 விநாடி. டர்போ தரும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானி 6 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவில்லை, அதுவும் இரண்டாவது கியரில் 17 கிலோமீட்டர் வேகத்துக்குப் பிறகுதான் முள் எழுந்தது. இப்போதுதான் எக்ஸாஸ்ட் குழாயின் அளவு உண்மையில் பேசத் தொடங்கியது. டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசமே சக்கரத்தைச் சுற்றுகிறது என்பதால், பின்னால் இருக்கும் குழாய் நெருக்கினால் சக்கரம் சோம்பும். நான் போட்டிருந்த 2 அங்குலக் குழாயை அளந்து பார்த்தேன். நேரான இடத்தில் சரியாக இருந்த குழாய், வளைக்கும் இயந்திரத்தில் நசுங்கிய மூன்று வளைவுகளில் ஒரு பக்கம் 38 மி.மீ. மட்டுமே இருந்தது. பழைய குழாயைவிட ஒடுக்கமான இடத்தைக் காசு கொடுத்துச் செய்து வைத்திருந்தேன்.

புதிய குழாய் 2.5 அங்குலம், தகட்டின் தடிமன் 16 கேஜ். இம்முறை வளைப்பதற்கே கொடுக்கவில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் நீண்ட வளைவு எல்போக்களை வாங்கி, நேர்க்குழாய்த் துண்டுகளோடு இணைத்துப் பற்றவைத்தோம். உட்பக்கம் துருத்திய பற்றை அரத்தால் தேய்த்து எடுக்க ஒரு நாள் பிடித்தது. சைலன்சர், நேரே ஊடுருவிப் போகும் துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த வகை. டர்போ சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடுவதால், 44 மி.மீ. குழாய் இருந்த காலத்தைவிட அதிக இரைச்சல் இல்லை. மாலையில் ஓடைப்பக்கம் வரும் காட்டுமாடுகள் தலை தூக்கிப் பார்ப்பதோடு சரி.

இதிலும் ஒரு பிழை. டர்போவிலிருந்து இறங்கும் குழாய்க்கும் மீதிக் குழாய்க்கும் இடையே நெகிழும் பெல்லோஸ் வைக்காமல் விட்டிருந்தேன். இன்ஜின் மவுண்டில் ஆடுகிறது, குழாய் சேசிஸில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வளைந்துகொடுக்க வேண்டும். பதினோராவது நாள் பிளாஞ்சின் கழுத்தில் வெடித்தது. ஆறு அங்குல நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெல்லோஸ் ஒன்றைச் சேர்த்தபின் இதுவரை தொந்தரவில்லை. குழாயில் முதலில் சுற்றியிருந்த வெப்பத் துணி, எண்ணெய் உறிஞ்சிப் புகைய ஆரம்பித்ததால் அதை அவிழ்த்துவிட்டு, பிரேக் குழாய் போகும் பக்கம் இரண்டு அடுக்குத் தகட்டு மறைப்பு வைத்தேன். எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய். அழுத்தம் 8 பி.எஸ்.ஐ.க்கு ஏறியது, முள் 14 கிலோமீட்டர் வேகத்திலேயே எழுந்தது. இந்த உயரத்தில், மலை பிடித்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதற்கே முதல் 3 பி.எஸ்.ஐ. போய்விடுகிறது என்பதை நினைவில் வைத்தால், 8 என்பது பெரிய எண்ணல்ல.

காற்று உள்ளே போகும் பக்கம் பெரிதாகச் சொல்வதற்கில்லை. எண்ணெய் ஊற்றும் பழைய ஏர் ஃபில்டரை நீக்கிக் காகித ஃபில்டர் வைத்தேன். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் ரேடியேட்டர் ஹோஸைப் பயன்படுத்தியது தவறு. மூன்று வாரத்தில் ஊறிப்போய்க் கிளிப்பிலிருந்து பிதுங்கியது. சிலிக்கோன் ஹோஸ் மாற்றியபின், குழாயைத் தனியே கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் பி.வி.சி. மூடியில் டியூப்லெஸ் வால்வு பொருத்தி, கால்பம்ப்பால் 10 பி.எஸ்.ஐ. காற்றேற்றிச் சோப்புத் தண்ணீர் பூசினேன். இரண்டு கிளிப்புகளில் குமிழி வந்தது. இதற்கெல்லாம் 4,300 ரூபாய்.

கடைசியாக டீசல். கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கூடுதல் டீசல் கொடுக்காமல் பெரிய பலன் இல்லை. பம்ப்பைச் சர்வீஸ் செய்து, இன்ஜெக்டர்களின் அழுத்தம் பார்த்து வாங்க 3,800 ரூபாய் ஆனது. பிறகு டீசல் அளவுத் திருகை நானே ஒரு முழுச்சுற்றுத் திருப்பினேன். வண்டி உண்மையிலேயே பாய்ந்தது. ஆனால் மேனிஃபோல்டில் வைத்த வெப்பமானி, முதல் வளைவு முடிவதற்குள் 780 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. தொடர்ந்து 700ஐத் தாண்டவிடுவதில்லை என்று எனக்கு நானே வரம்பு வைத்திருந்ததால், உடனே காலை எடுத்தேன். அந்தக் கருவி இல்லாமலிருந்தால், காதுக்கு இனிமையாக இருந்த அந்த ஓட்டத்தையே பிஸ்டன் உருகும்வரை வைத்திருப்பேன். சிறிது சிறிதாகப் பின்வாங்கி, பழைய நிலையிலிருந்து கால் சுற்று மட்டும் கூடுதலாக நிறுத்தியபோது, முழுச்சுமை ஏற்றத்தில் 640க்கும் 660க்கும் இடையே நின்றது. புகை, கியர் மாற்றும்போது ஒரு கணம் மட்டும். அந்த நிலையில் வந்ததே 3 நிமிடம் 25 விநாடி. வெப்பமானிக்கும் அழுத்தமானிக்கும் சேர்த்து 3,500 ரூபாய்.

மொத்தக் கணக்கு 63,400 ரூபாய். இதில் முதல் 2 அங்குலக் குழாய், உடைந்த மேனிஃபோல்டோடு போன சிறிய டர்போ, தேவையில்லாமல் வாங்கிய இரண்டாவது நடுப்பகுதி ஆகிய மூன்றும் 15,700 ரூபாய். அது முழுக்க என் அவசரத்தின் விலை. மறுபடி செய்வதானால், வெப்பமானியையும் அழுத்தமானியையும் முதல் வேலையாக வாங்கி, டர்போ வைப்பதற்கு முன்பே ஒரு மாதம் ஓட்டி அளவுகளைக் குறித்து வைப்பேன். என்னிடம் பழைய இன்ஜினின் வெப்ப அளவு ஒன்றுகூட இல்லை. சம்ப்பை ஹெட் வேலையின்போதே இறக்கிவிடுவேன். டர்போவைப் பொருத்துமுன் நடுப்பகுதியின் செங்குத்தைத் தூக்குக்குண்டு கட்டிப் பார்ப்பேன்.

ஓட்டும் பழக்கமும் மாற வேண்டியிருந்தது. ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல், சூடேறிய டர்போ ஆறுவதற்காக இரண்டு நிமிடம் ஐடிலில் விட வேண்டும் என்று வண்டி ஓட்டும் பையனிடம் எத்தனை முறை சொல்லியும் அவன் மனதில் நிற்கவில்லை; டேஷ்போர்டில் ஸ்டிக்கர் ஒட்டியும் பயனில்லை. மூட்டை இறக்கி எண்ணி முடித்த பிறகே அணைக்கலாம் என்று சொன்னபின் நடக்கிறது. எண்ணெய் 15டபிள்யூ40, நூறு மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

16 மூட்டை ஏற்றிப் பார்த்த அன்று, இரண்டாவது வளைவில் இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்கும் கருகல் வாடை வந்தது. இவ்வளவு காலம் அந்தப் பழைய தட்டுக்கு வேலையே இல்லாமலிருந்திருக்கிறது. புதிய கிளட்ச் தட்டும் பிரஷர் பிளேட்டும் வாங்கித் திண்ணையில் வைத்திருக்கிறேன். பூண்டு அறுவடை முடியும் வரை வண்டியை நிறுத்த முடியாது என்பதால், அதுவரை 14 மூட்டைதான்.